புத்தூர்ச் சூரணமும் தெல்லிப்பழை வல்லாரையும்

1

சென்ற கிழமை கப்பல் தபாலில் எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. புத்தூரிலிருந்து என் கணவரின் தமக்கை எழுதியது ஒன்று. "தம்பிக்குச் சுகம் வந்தது எங்கடை அமுக்கராச் சூரணத்தாலைதான். ஆரும் கேட்டால் அதைத்தான் நீர் சொல்லவேணும்." தெல்லிப்பழையிலிருந்து என் அண்ணை எழுதியது மற்றது. "மச்சானை எழுப்பி நிப்பாட்டினது எங்கடை வளவு வல்லாரை எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டன். நீ மாறிக் கதைச்சு என்ரை மானத்தை வாங்கிப்போடாதை."

ஒரு வருடமாக இந்த வழக்கு நடக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகப் பூசி மெழுகிப் பதில் எழுதி என் கை ஓய்ந்துபோயிற்று. ஆகவே ஊரார் எல்லாரும் படிக்கிற இந்தப் பத்திரிகையிலேயே நடந்ததை எழுதிவிடுகிறேன். கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும். கோபம் கப்பலேறி மலாயாவுக்கு வந்துசேர ஒரு கிழமைக்கு மேல் ஆகும். அதற்குள் எனக்கு வேறு வேலை வந்துவிடும்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிறந்தது தெல்லிப்பழை, வாழ்க்கைப்பட்டது புத்தூரில். பதினேழு வருடமாக இருப்பது சிரம்பானில். அவர் இங்கே றெயில் நிலையத்தில் தந்தி அடிக்கிற கிளார்க்கர். ஒரே மகள் புவனம், இப்போது வயது பதினாறு. கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிக்கிறாள். தமிழில் பேசச் சொன்னால் பேசுவாள், எழுதச் சொன்னால் தலை வலிக்கிறது என்பாள்.

2

அவருக்கு முதலில் போனது நித்திரை. பிறகு கை நடுங்கத் தொடங்கியது. மற்றவர்களுக்குக் கை நடுங்கினால் தேத்தண்ணி சிந்தும், அவ்வளவுதான். தந்தி அடிக்கிறவருக்கு நடுங்கினால் ஒரு நிலையத்துக்குப் போகவேண்டிய சேதி வேறு விதமாகப் போய்ச் சேரும். ஒருநாள் அப்படித்தான் ஆயிற்று. சரக்கு வண்டியொன்று நிற்கக்கூடாத தண்டவாளத்தில் போய் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கந்தோரில் விசாரணை வந்தது. வெள்ளைக்கார டொக்டர் அவரைச் சோதித்துவிட்டு, "ஆறு மாதம் லீவு. திரும்பி வரும்போது கை நடுங்கினால் ஊருக்கே போய்விடலாம்" என்று சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார்.

அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: நாட்டு மருந்து ஏதும் உட்கொள்கிறாரா? இங்கே உள்ள நம்மவர் எல்லாரும் அதற்கு எழுதுகிற பதில் ஒன்றுதான், "இல்லை". எழுதுகிறவரின் அலுமாரிக்குள் ஊரிலிருந்து மருந்து வந்த தகரப்பேணி நாலைந்து இருக்கும். லேகியத்தை நக்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து "இல்லை" என்று எழுதுவார்கள். டொக்டர் கண்டால் கோப்பில் குறித்துவிடுவார், பதவி உயர்வு போய்விடும் என்று பயம். என் கணவரும் "இல்லை" என்றே எழுதினார். அப்போது எங்கள் அலுமாரியில் மூன்று பேணி இருந்தன.

லீவு கிடைக்க மூன்று முறை விண்ணப்பம் எழுதினோம். முதலாவது தொலைந்தது, இரண்டாவது வேறு யாரோ ஒருவரின் கோப்பில் கிடந்தது. அதற்குள் எங்கள் வரிசை வீடுகளில் கதை கிளம்பிவிட்டது. முருகன் கோயிலில் ஒரு பெண்மணி என் காதுபடவே இன்னொருத்தியிடம், "தேப்பனுக்கு மண்டை பிசகாம். இனி அந்தப் பெட்டையை ஆர் கலியாணம் செய்யப்போகினம்?" என்றாள். நான் திரும்பி, "பெட்டைக்கு இப்ப பதினாலு வயது. உங்களிட்டை ஆரும் மாப்பிள்ளை கேட்டு வந்தவையோ?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைப்பதில்லை. எனக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை.

3

பினாங்கில் கப்பலேறி, கொழும்பில் இறங்கி, றெயிலில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தோம். மலாயாவிலிருந்து லீவில் வருகிற மனுசனை இரண்டு வீட்டாரும் பங்குபோட்டு வைத்திருப்பது வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே பத்து நாள் நின்றால் இங்கேயும் பத்து நாள் நிற்கவேண்டும். ஒருநாள் கூடக் குறைய முடியாது. இந்த முறை மருந்தும் அப்படியே பங்காயிற்று.

புத்தூரில் என் மச்சாள், அவரின் தமக்கை, அமுக்கராக் கிழங்கைப் பசுப்பாலில் அவித்து, காயவைத்து, இடித்து, சீலையில் சலித்து வைத்திருந்தார். படுக்கப்போகும் முன் பாலில் ஒரு கரண்டி. உடம்புக்குப் பலம், நித்திரையும் வரும் என்பது அவர் கட்சி. தெல்லிப்பழையில் அண்ணை பள்ளிக்கூடத்து வாத்தியாராயிருந்து ஓய்ந்தவர். கிணற்றடி வாய்க்கால் ஓரம் முழுக்க வல்லாரை வளர்த்திருந்தார். விடியற்காலையில் ஒரு பிடி பிடுங்கி, இடித்துச் சாறெடுத்து, நெய் விட்டுக் கொடுப்பார். மூளை தெளியும், மனம் அடங்கும் என்பது இவர் கட்சி.

புவனம் அந்த வல்லாரையைப் பார்த்ததும், "அம்மா, இது பெகாகா எல்லோ? சந்தையிலை மலாய்க்காரப் பொம்பிளையள் விக்கிறது" என்றாள்.

அண்ணைக்கு முகம் சிவந்துவிட்டது. "மலாய்க்காரன்ரை புல்லும் எங்கடை வல்லாரையும் ஒண்டோ? என்ன பிள்ளை வளர்த்து வைச்சிருக்கிறாய்?"

நான் கிள்ளி மென்று பார்த்தேன். ஒன்றேதான். சொல்லவில்லை, அன்றுதான் வந்து இறங்கியிருந்தோம்.

எந்த மருந்து அவருக்கு வேலை செய்கிறது என்று பார்க்க நான் ஒரு ஏற்பாடு செய்தேன். பத்து நாள் புத்தூர், பத்து நாள் தெல்லிப்பழை. எத்தனை மணிநேரம் நித்திரை, கை எப்படி என்று புவனம் ஒரு கொப்பியில் தினமும் எழுதவேண்டும். கைக்குச் சோதனை மூக்குப்பேணி, ஓரத்தில் மூக்கு வைத்த பித்தளைக் கிண்ணம். அதை அண்ணாந்து பிடித்து, வாயில் படாமல், நெஞ்சில் சிந்தாமல் தண்ணீர் குடிக்கவேண்டும். ஊரில் சின்னப் பிள்ளைகளே செய்வார்கள். அவருக்கு முதல் நாள் சேட்டு முழுக்க நனைந்தது. புவனம் கொப்பியை இங்கிலீசிலேயே எழுதினாள். எனக்கு எரிச்சல். "தமிழிலை எழுதினால் கை தேஞ்சு போமோ?" என்று ஏசினேன். எழுதினாளே, அது போதும் என்று பிறகு விட்டுவிட்டேன்.

இருபது நாள் முடிந்து பார்த்தால் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. புத்தூரில் நித்திரை வந்தது, ஆனால் இடையில் இரண்டு நாள் வரவில்லை. தெல்லிப்பழையில் கை நடுக்கம் நின்றது, பகலெல்லாம் தூங்கி வழிந்தார். ஏன் என்று தேடினால் கள்ளம் வெளிப்பட்டது. அவர் புத்தூரில் இருந்த பத்து நாளும் அண்ணை, "பிள்ளையின்ரை படிப்புக்கு நல்லது" என்று சொல்லி ஆள் விட்டு வல்லாரைச் சம்பல் அனுப்பியிருக்கிறார். சோற்றோடு பிசைந்து அவரும் சாப்பிட்டிருக்கிறார். தெல்லிப்பழைக்கு மச்சாள் ஒரு பேணி நிறைய எள்ளுருண்டை கொடுத்துவிட்டிருந்தார். நானே ஒன்று தின்று பார்த்தேன். பாதி எள், பாதி அமுக்கரா. பின்னேரம் நான்கு மணிக்கு அவர் கதிரையில் இருந்தபடியே நித்திரையாகியது ஏன் என்று அப்போது விளங்கிற்று.

4

அன்றே நான் யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் பக்கத்தில் திருநெல்வேலியில் ஒரு வாடகை வீடு பார்த்தேன்.

இரண்டு வீட்டுக்காரரும் உயிரோடு இருக்க, லீவில் வந்தவர்கள் வாடகை வீட்டில் இருப்பதா? மச்சாள் கார் பிடித்து வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வர மறுத்துவிட்டார்.

"எங்கடை வீட்டுச் சோறு உமக்கு நஞ்சோ?"

"சோறு நஞ்சில்லை மச்சாள். சோத்துக்குள்ளை ஒளிச்சு வைக்கிறதுதான் எனக்கு ஒத்துவரேல்லை."

"என்ரை தம்பிக்கு நல்லது செய்ய நான் உம்மட்டை உத்தரவு கேக்கவேணுமோ?"

"கேக்க வேண்டாம். சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ. என்னத்தாலை சுகம் வந்தது, என்னத்தாலை கெட்டது எண்டு தெரியாமல் நான் இவரை அந்த டொக்டருக்கு முன்னாலை கொண்டுபோய் நிப்பாட்ட ஏலாது. வேலை போனால் எள்ளுருண்டை திருப்பித் தருமோ?"

அண்ணை வரவே இல்லை. "உவளுக்கு மலாயாத் திமிர்" என்று சொன்னதாக மட்டும் செய்தி வந்தது. இருக்கட்டும். திமிர் இல்லாமல் அந்த மாதம் என்னால் நடந்திருக்க முடியாது.

அந்த வீட்டில் முதல் பத்து நாள் ஒரு மருந்தும் இல்லை. சோறு, மரக்கறி, மோர், அவ்வளவுதான். நடுக்கம் கொஞ்சமாவது குறையும் என்று நினைத்தேன். நித்திரை மோசமாகத்தான் இருந்தது. அதைவிட விசித்திரம், தினமும் காலை பத்து மணியளவில் அவருக்கு நெஞ்சு அடிக்கும், நெற்றி வேர்க்கும், மூக்குப்பேணித் தண்ணீர் முழுவதும் நெஞ்சில். அந்த நேரத்துக்கு முன்னால் அவர் செய்கிறது ஒன்றுதான். பத்திரிகை வாங்கச் சந்தைக்கு நடந்து போய்வருவார்.

ஒன்பதாம் நாள் அவர் குளிக்கப் போனபோது சட்டையைத் தோய்க்க எடுத்தேன். பையில் மூக்குப்பொடி டப்பி. அவர் மூக்குப்பொடி போடுகிற ஆள் இல்லை. திறந்தால் உள்ளே மெல்லிய வில்லை வில்லையாக மஞ்சள் நிற வேர். மலாயாவில் இருந்தவர்களுக்குத் தெரியும், சீனர் மருந்துக் கடையில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிற ஜின்செங். களைப்பு தெரியாமல் வேலை செய்ய வைக்கும் என்பார்கள்.

கிணற்றடியில் அவர் தலை துவட்டிக்கொண்டிருந்தார். டப்பியை முன்னால் நீட்டினேன்.

"இஞ்சாருங்கோ, இது என்ன?"

அவர் துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, "என்னோடை வேலை செய்யிற சீனப்பொடியன் தந்தவன். ஒரு வருசமாச் சப்புறன்" என்றார்.

"ஒரு வருசமோ?"

"நித்திரை வாறதுக்கு நீர் ஊர் மருந்து தருவீர். விடிய எழும்பினால் சோம்பல். சோம்பலோடை தந்தி மேசையிலை இருக்க ஏலுமோ? வேரைச் சப்புவன். சப்பினால் சுறுசுறுப்பு வரும், கை நடுங்கும், இரவு நித்திரை வராது. பிறகு உம்மடை மருந்து."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் நிப்பாட்டிப்போடுவீர். நிப்பாட்டினால் வேலை செய்ய ஏலாமல் போயிடும் எண்டு பயம். பத்தொன்பது வருசம் அந்த மேசையிலை இருந்தனான். அது போனால் நான் ஆர்? புத்தூரிலை அக்காவின்ரை புகையிலைத் தோட்டத்துக்கு இறைக்கிற ஆளோ?"

எனக்கு முதலில் வந்தது கோபம். அந்தக் கோபத்தில் டப்பியைக் கிணற்றுக்குள் எறியப் பார்த்தேன். குடிக்கிற தண்ணீர் என்று கடைசி நேரத்தில் நினைவு வந்து நிறுத்திக்கொண்டேன். பிறகு அழுதேன். மச்சாளும் அண்ணையும் ஒளித்தார்கள் என்று ஊரைக் கூட்டினேன், வீடு மாறினேன். என்னோடு படுத்து எழும்புகிற மனுசன் ஒரு வருடம் ஒளித்தது எனக்குத் தெரியவில்லை. இரண்டு வீட்டாரிடமும் எந்த மருந்து நல்லது என்று கேட்டேன். உங்களுக்கு என்ன பயம் என்று அவரிடம் ஒருநாளும் கேட்கவில்லை. அது என் பிழை. இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

அன்றைய பக்கத்தில் புவனம் எழுதியதை அவளே வாசித்துக் கருத்துச் சொன்னாள்: "அப்பா பொய் சொன்னார். சீன வேர்."

5

வேரை நிறுத்தினோம். முதல் ஐந்தாறு நாள் அவர் பட்ட பாட்டை எழுதப்போவதில்லை. தலையிடி, எரிச்சல், ஒரு வேலையும் ஓடாத அலுப்பு. அது தணிந்தபிறகுதான் உண்மையான சோதனை தொடங்கியது.

அமுக்கரா மட்டும் கொடுத்துப் பார்த்தோம். மூன்றாம் நாளிலிருந்து நல்ல நித்திரை. ஆனால் மச்சாள் சொன்ன முழுக் கரண்டி அவருக்கு அதிகம். மறுநாள் பத்து மணி வரைக்கும் கண் சொருகும், வயிறும் ஊதும். அரைக் கரண்டியாகக் குறைத்தபோது சரியாக வந்தது. அதை விட்டு, சில நாள் இடைவெளி கொடுத்து, வல்லாரை மட்டும் கொடுத்தோம். காலையில் தலை தெளிவாக இருந்தது, பேச்சில் பதற்றம் குறைந்தது, நித்திரை மட்டும் வரவில்லை. அண்ணையின் கணக்குப்படி வெறும் வயிற்றில் குடித்தால் குமட்டல். சாப்பாட்டோடு சம்பலாகச் சாப்பிட்டால் ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டையும் முழு அளவில் சேர்த்துக் கொடுத்த அன்று அவரைச் சாப்பாட்டுக்குத் தட்டி எழுப்பவேண்டியிருந்தது. கடைசியில் நிலைத்தது இதுதான்: இரவில் பாலில் அரைக் கரண்டி அமுக்கரா, கிழமைக்கு மூன்று நாள் மத்தியானச் சோற்றோடு வல்லாரைச் சம்பல். இரண்டு மாதத்தில் மூக்குப்பேணியை அண்ணாந்து பிடித்து ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தார்.

நான் வைத்தியம் படித்தவள் அல்ல. இது ஒரு மனுசனின் உடம்பில் ஒருத்தி கண்டது. இதைப் பார்த்து உங்கள் வீட்டில் அப்படியே செய்து, வயிற்றைக் கெடுத்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதவேண்டாம்.

ஆகவே மச்சாளுக்கும் அண்ணைக்கும் என் பதில்: உங்கள் இருவரின் மருந்தும் நல்லது. இருவரின் அளவும் பிழை. வேரை நிறுத்தியிராவிட்டால் இரண்டும் வாய்க்காலில் ஊற்றிய மாதிரித்தான். அண்ணை இன்னொன்றையும் கேட்கவேணும். இப்போது அவர் சாப்பிடுகிற வல்லாரையை நான் சிரம்பான் சந்தையில் ஒரு மலாய்க்காரப் பெண்ணிடம்தான் வாங்குகிறேன். நன்றாகத்தான் வேலை செய்கிறது.

6

லீவு முடிந்து சிரம்பானுக்குத் திரும்பி, சென்ற வருடம் இதே கிழமை டொக்டரிடம் போனோம். பெண்கள் உள்ளே வருவதில்லை என்று வாசலில் நின்ற ஆள் சொன்னார். "நான் வாறன்" என்று சொல்லிக்கொண்டு புவனத்தையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். வெள்ளைக்காரர் பேசுவது எனக்குப் பாதிதான் விளங்கும். மீதியை மகள் சொல்வாள்.

டொக்டர் அவரைக் கைகளை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு மெல்லிய தாளை விரித்தார். தாள் அசையவே இல்லை என்று எழுத எனக்கு ஆசைதான். கொஞ்சம் அசைந்தது. முன்பு அசைந்ததில் கால்வாசி இராது.

பிறகு அதே படிவம். கந்தோரில் தலைமைக் கிளார்க்கர் நம்மூர்க்காரர், உதவி செய்கிறதாக நினைத்து எல்லாவற்றையும் தானே நிரப்பிக் கொடுத்திருந்தார். நாட்டு மருந்து என்ற கேள்விக்கு நேரே "இல்லை" என்று அழகான எழுத்தில் இருந்தது. என் கணவர் பேனையை எடுத்து அதை வெட்டினார். பக்கத்தில் "ஆம்" என்று எழுதினார். புவனத்திடமிருந்து கொப்பியை வாங்கி டொக்டரின் மேசையில் வைத்தார்.

இங்கிலீசில் எழுதினாள் என்று நான் ஏசிய கொப்பி. டொக்டர் ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். ஓரிடத்தில் சிரித்தார். எந்த இடம் என்று மகள் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் சொன்னதைப் புவனம் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, இந்தக் கொப்பியைத் தான் காணேல்லை எண்டு வைச்சால், ஓய்விலை சுகம் வந்தது எண்டு எழுதி இண்டைக்கே கையெழுத்துப் போடுவாராம். பிறகு வரத் தேவையில்லையாம். கண்டதெண்டால், மருந்திலை இருக்கிற ஆள் எண்டு எழுதவேணுமாம். மாதம் மாதம் வந்து கையைக் காட்டவேணுமாம். ஏதாவது ஒரு மாதம் நடுங்கினால் வேலை முடிஞ்சுதாம்."

இவ்வளவு வாய் பேசுகிற நான், ஒளிக்கக்கூடாது என்று இரண்டு ஊரைப் பகைத்த நான், அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதத்தானே வேண்டும். கொப்பியை எடுத்துச் சீலைக்குள் செருகிக்கொண்டு ஓடிவிடலாம் என்று நினைத்தேன். என் கணவரைப் பார்த்துக் கண்ணாலும் சொன்னேன், எடுங்கோ என்று. அவர் என்னைப் பார்த்தார். பிறகு கொப்பியை இரண்டு விரலால் டொக்டர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டார்.

வெளியே வந்து றிக்சோவுக்கு நிற்கும்போது என்னால் பொறுக்க முடியவில்லை.

"கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கலாமே. இனி மாதம் மாதம் நெஞ்சிடிக்கப் போகுது. பயமில்லையோ உங்களுக்கு?"

"பயந்தான்" என்றார் அவர். "ஆனா ஒளிச்சு ஒளிச்சுத்தானே எனக்கு நித்திரை போனது."

பன்னிரண்டு முறை போய்க் கையைக் காட்டிவிட்டு வந்துவிட்டார். நாளைக்குப் பதின்மூன்றாவது. இந்த வரியை எழுதும்போது உள்ளே நல்ல குறட்டை கேட்கிறது.